வாய் செவக்காத சம்பந்தக்காரங்க

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு சொர்ணத்தாயி. 'ம்' கொட்டு கண்ணு, கொட்டலேன்னா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிரும்.

"ம்."

அன்னிக்கு அவளுக்கு நிச்சயம். தரகர் சொன்ன சம்பந்தம், மாப்பிள வீட்டார் மூஞ்சியே யாருக்கும் தெரியாது. உச்சி வெயில்ல வாசல்ல சலக் சலக்னு சத்தம். பாத்தா ஏழு பேரு, தட்டும் கையுமா. அந்த வெயில்லயும் துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

அவ அப்பன் ஒரு அவசரக்குடுக்கை. ஏன் ஈரம்னு கேக்கணுமா இல்லையா? "வாங்க வாங்க, தட்டு மாத்திருவோம்"னான். தட்டு மாத்திட்டா அப்புறம் அவ அந்த வீட்டுப் பொண்ணு, அவங்க பின்னாடிதான் போகணும்.

"ம்..."

மொதத் தட்டுல பூவு. சொர்ணத்தாயி தொட்டா, வெரல் வெறைச்சுப் போச்சு. ரெண்டாவது தட்டுல பழம். உரிச்சா உள்ள பூரா ஆத்துமணலு. மூணாவது தட்டுல வெத்தல பாக்கு. தட்டு மாத்த அப்பன் கையை நீட்டிட்டான்!

அப்போ அவ சொன்னா, "இருங்கப்பா. மொதல்ல எல்லாரும் வெத்தல போடட்டும்."

ஏழு பேரும் சுண்ணாம்பு தடவிப் போட்டாங்க. நறுக் நறுக். மென்னாங்க, மென்னாங்க... ஒருத்தர் வாயும் செவக்கல. உசுருள்ள வாயிதானே செவக்கும்?

அவங்க ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்தாங்க. அவங்களுக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. மாப்பிள மெதுவாக் கேட்டான், "அப்போ அன்னிக்கு வெள்ளத்துல... நாங்க கரையேறலையா?"

பாவம், அவளுக்கு அழுகையே வந்துருச்சு. "ஏறலண்ணே"ன்னா. அண்ணேன்னு சொல்லிட்டாளா, அப்புறம் எப்படிக் கட்டுறது? அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"நாங்க ராக்கம்மாவ நிச்சயம் பண்ண வந்தோம். வீடு இதுதானே?"

அப்போ அடுப்படியில இருந்து ஒரு கெழவி வந்தா. சொர்ணத்தாயியோட தாத்தா கூடப் பொறந்தவ, கல்யாணமே வேண்டாம்னு அறுபது வருசமா அந்த வீட்லயே இருந்தவ. அவதான் ராக்கம்மா. வந்து அவன் முன்னாடி நின்னா.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"ஆத்துல தண்ணி ஜாஸ்தி"ன்னான் மாப்பிள.

"ம்..."

அவ தட்டைக் கையில வாங்கினா. ஒரு வெத்தலய எடுத்து மடிச்சுப் போட்டு மென்னா. காலம்பூரா வெத்தல போட்ட வாயி அது, ரத்தமாச் செவந்து கெடக்கும். அது மெல்ல, மெல்ல வெளுத்துச்சு. அப்புறம் எட்டுப் பேரா ஆத்துல எறங்கிப் போனாங்க. சலக்... சலக்...

கதை அக்கரை சேந்துருச்சு. நீ கண்ண மூடித் தூங்கு.