வாயால் சொல்லச் சொன்ன அதிகாரி

தையல்கடைக்காரி அங்கயற்கண்ணி காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர்; அவளுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் கூட வந்து, தங்கள் சைகையைப் பேச்சாக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அரசு நிதி கேட்டு மனுக் கொடுத்தாள்.

நிதி அதிகாரி மூன்று முறை திருப்பியனுப்பினார். "செயலாளரே நேரில் வந்து வாயால் விளக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டார்.

அவளும் வந்தாள். நிதி கேட்டுப் பல சங்கத்தார் கூடியிருந்த மண்டபத்தில், அதிகாரி முன் நின்று கால்மணி நேரம் விடாமல் கைகளாலேயே விளக்கினாள்.

அதிகாரி தவித்துப் போனார். "ஒண்ணும் புரியலையே! இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கிடையாதா?" என்று கத்தினார்.

அவர் உதட்டசைவைப் படித்தவள், ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: "அந்த ஆளைத்தான் ஐயா நாங்களும் கேட்கிறோம்."

அதிகாரி அதை உரக்கப் படித்ததும் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவளோடு வந்திருந்த காது கேளாதோர் சங்கத்தார் நாற்பது பேரும் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.