நிக்கல் தொட்டியின் வயிறு

தில்லைநாயகம் உள்ளே நுழைந்தாலே முலாம் பட்டறை எழுந்து நிற்கும். பின்னே, கட்டடம் அவருடையது. எதிரே இருக்கும் ஹோட்டலும் அவருடையதுதான். அன்றைக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு வாளிகளைத் தூக்கிவந்தார்.

"குருவம்மா, இதுக்கு மேல நிக்கல் முலாம் போடு. துத்தநாகத்தை எடுக்கக் கூடாது, அப்படியே தொட்டியில முக்கு. முடியாதுன்னா கட்டடத்தைக் காலி பண்ணு."

பட்டறை நடத்தும் குருவம்மா வாளிகளை உற்றுப் பார்த்தாள். முக்கினால் துத்தநாகம் கரைந்து தொட்டியில் இருக்கும் நிக்கல் தண்ணீரே பாழாகிவிடும். முக்காவிட்டால் பட்டறையே இருக்காது. ஆனாலும் முகம் வாடாமல் சொன்னாள்:

"முக்கிருவோம் மொதலாளி. அதுக்கு முன்னால இந்த வாளியில உங்க ஹோட்டல் ரசத்தை ஊத்திவச்சு, மத்தியானம் எல்லாருக்கும் பரிமாறிட்டு வாங்க."

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? புளிப்பு பட்டா துத்தநாகம் கரைஞ்சு ரசத்துல எறங்கிரும். தின்னவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவான்!"

"நிக்கல் தண்ணியும் புளிச்ச தண்ணிதான் மொதலாளி. அதுக்கு மட்டும் வயிறு இல்லையா?"

வேலையாட்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். தில்லைநாயகம் வாளிகளை அவள் பக்கம் தள்ளினார்.

"சரி சரி, துத்தநாகத்தை எடுத்துட்டே போடு. ஆனா யாரும் கேட்டா, எடுக்கச் சொன்னதே நான்தான்னு சொல்லணும்."

"கரையும்னு சொன்னதே நீங்கதானே மொதலாளி!" என்றாள் குருவம்மா.