ஜமீன்தாருக்காகப் பத்தியம் இருந்தவன்

கரிசலூர் ஜமீன்தார் மருதப்பருக்கு ஐம்பது வயதிலேயே நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. வைத்தியர் வந்து நாடி பார்த்தார். "விடியுமுன் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, காலாற நடங்கள். பசித்தால் மட்டும் அரை வயிறு சாப்பிடுங்கள். முதுமை அண்டாது" என்றார்.

விசிறவும் கால் பிடிக்கவும் ஆள் வைத்திருந்த ஜமீன்தார், இதற்கும் ஓர் ஆளைப் போட்டார். "ஏலே ஊய்க்காட்டான், எனக்குப் பதிலா இதையெல்லாம் நீ செய்யி."

கால் பிடிக்கும் ஊய்க்காட்டான் ஒன்றுவிடாமல் செய்தான். ஒரு வருஷத்தில் தேக்குமரம் மாதிரி ஆனான். ஜமீன்தார் கட்டிலை விட்டு எழவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மறுபடி பார்க்க வந்த வைத்தியரை வைத்துக்கொண்டே அவர் கத்தினார்.

"களவாணிப் பயலே! எனக்கு வரவேண்டிய ஆரோக்கியத்தை நீ அமுக்கிட்டே. உடனே ஒப்படைக்கலேன்னா தோலை உரிச்சிருவேன்!"

ஊய்க்காட்டான் கும்பிட்டுச் சொன்னான்:

"உங்களுக்காகத்தான் நடந்தேன், எசமான். இந்தக் காலுக்குத்தான் அது புரியாமப் போச்சு. ஒப்படைக்க ஒரே வழிதான் இருக்கு. இனி எனக்குப் பதிலா நீங்க நடங்க, அரை வயிறு சாப்பிடுங்க. நான் உங்க கட்டில்ல படுத்து, உங்க விருந்தைத் தின்னு, இருக்கிற ஆரோக்கியத்தையெல்லாம் எறக்கிவிட்டுர்றேன்."

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். "வேறு வழியே கிடையாது, ஜமீன்தார்வாள்!"

மறுநாள் விடியுமுன் ஊய்க்காட்டானின் தோளைப் பிடித்தபடி ஜமீன்தார் நடந்தார். குளக்கரை வந்ததும் வயிற்றை அமுக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏலே, உள்ளே என்னமோ கிள்ளுதே! இது என்ன வியாதிலே?"

"பசி, எசமான்" என்றான் ஊய்க்காட்டான்.