விலக்கு ஓலை கேட்ட தோற்பை

ஒரு காலத்தில் பாலாற்றங்கரைக் கோட்டை ஒன்றில் படைக்கு ஆள் எடுத்தார்கள். ஆள் என்றால் மனிதர்கள் மட்டுமல்ல. ஈட்டி, கயிறு, கேடயம், கூடாரத் துணி, தண்ணீர் சுமக்கும் தோற்பை என்று எல்லாமே வாசலில் வரிசையாக நின்று, சோதனையில் தேறி, பெயர் எழுதிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் படை மேற்கே போகவிருந்தது. ஆறு நாள் நடந்தாலும் ஒரு கிணறு கண்ணில் படாத பூமி அது. அதனால் தோற்பைகளுக்கு நல்ல கிராக்கி.

வரிசையில் ஓர் ஆட்டுத்தோல் பையும் நின்றது. மற்றப் பைகளுக்குப் படை என்றால் புது மூடி, புதுக் கயிறு, ஊருக்குத் திரும்பினால் ஒரு மரியாதை. இதற்கு வேறு காரணம் இருந்தது. இது எந்த ஆட்டின் தோலோ, அந்த ஆடு போன கோடையில் தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போனது. வறண்ட ஆற்று மணலை முன்னங்காலால் பறித்துப் பறித்துப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டது. தோல் அதை மறக்கவில்லை. தாகத்தில் தவிக்கும் ஒரு வாயிலாவது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு கிழிந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஒரே ஒரு சங்கடம். அந்த ஆட்டுக்கு இடப்பக்கத்தில் சொறி வந்திருந்தது. தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறியதில் நோய் ஆறிவிட்டது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

சோதனை செய்தது விளக்கு. பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது எழுத்தாணி.

"முன்னால வா," என்றது விளக்கு. "வாயைத் திற. ம். தையலைக் காட்டு. நல்ல தையல்தான். வலப்பக்கம் திரும்பு. இப்ப இடப்பக்கம்."

பை இடப்பக்கம் திரும்பியது. விளக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது.

"இது என்ன?"

"பழைய தழும்புங்க ஐயா. நோவு எப்பவோ ஆறிடுச்சு. ஒரு சொட்டு ஒழுகாதுங்க. வேணும்னா தண்ணி ஊத்திப் பாருங்க."

"தண்ணி ஊத்துறது இதுல தேறுனவங்களுக்குத்தான். தோல்ல வெள்ளை இருந்தா எடுக்கக் கூடாதுன்னு சட்டம். எழுத்தாணி, எழுதிக்கோ. தகுதியில்லை. அடுத்து யாரு?"

பை நகரவில்லை. நகர அதற்குக் கால் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுத்தாணிக்குச் சட்டமெல்லாம் மனப்பாடம். கொஞ்சம் இரக்கமும் உண்டு. கோட்டை உத்தியோகத்தில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். அது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது:

"இந்தாப்பா, உனக்கு வைத்தியம் பார்த்தது யாரு?"

"ஆவாரம்பட்டைத் தொட்டிங்க."

"அதுகிட்ட ஒரு ஓலை வாங்கிட்டு வா. என்ன நோவு, எந்த இடம், எவ்வளவு அகலம், எப்ப ஆறுச்சு, திரும்ப வருமா, எல்லாம் அதுல இருக்கணும். நான் உள்ள முத்திரைகிட்ட அனுப்புறேன். சட்டம்னு ஒண்ணு இருந்தா விலக்குன்னு ஒண்ணும் இருக்கும். முத்திரை மனசு வெச்சா உனக்கு விலக்கு ஓலை கிடைக்கும். நாப்பதாம் நாள் நீயே நேர்ல வந்து தழும்பைக் காட்டணும்."

"கிடைக்கலேன்னா அடுத்த வருசம் வரலாங்களா?"

"ஒரு கோடை தாண்டின தோலை எடுக்கிறதில்ல. உனக்கு இதுதான் ஒரே தடவை."

பை தோல் பதனிடும் இடத்துக்கு உருண்டு உருண்டு ஓடியது.

தொட்டி வழக்கம்போல முகத்தைச் சுளித்தது. "ஓலையா? என்கிட்ட ஊறினது ஆயிரம் தோலு. எல்லாத்துக்கும் ஓலை குடுத்துக்கிட்டிருந்தா நான் எப்ப ஊற வைக்கிறது? நாளைக்கு வா."

மறுநாள் போனால் தொட்டி எழுதித்தான் வைத்திருந்தது. ஆனால் வலப்பக்கம் என்று எழுதியிருந்தது. திருத்தச் சொன்னதற்கு, "எந்தப் பக்கமா இருந்தா என்ன, தழும்பு ஒண்ணுதானே?" என்று எரிந்து விழுந்தது. மூன்றாம் நாள்தான் சரியான ஓலை கைக்கு வந்தது. 'இடப்பக்கம். உள்ளங்கை அகலம். வெள்ளை. சொறி ஆறி ஆறு மாதம். பரவாது. ஒழுகாது.' அவ்வளவுதான். பை அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. தன்னைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை என்று அதற்குப் பட்டது.

ஓலையைக் கொண்டுபோய் எழுத்தாணியிடம் கொடுத்துவிட்டு, தோல் கடையில் தன் பழைய ஆணியிலேயே வந்து தொங்கியது. பத்து நாள் போனது. இருபது போனது. கோட்டையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்கலாம் என்று ஒருநாள் வாசல் வரை போனது. "நாப்பதாம் நாள்னா நாப்பதாம் நாள்தான்," என்று கதவு சொல்லி அனுப்பிவிட்டது.

முப்பதாம் நாள் ஓர் இடுப்பு வார் விடுப்பில் கடைக்கு வந்தது. இரண்டும் ஒரே தொட்டியில் ஊறியவை. வார் போன வருடமே படையில் சேர்ந்து, பித்தளைக் கொக்கியெல்லாம் போட்டுக்கொண்டு மினுமினுவென்று இருந்தது.

"இன்னாப்பா, இன்னும் இங்கயே தொங்கினு இருக்க?"

பை எல்லாவற்றையும் சொன்னது. வார் தலையில் அடித்துக்கொண்டது.

"போச்சு போ. வெள்ளை இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க. உன்னை மாதிரி ஒரு அப்பாவியை நான் பார்த்ததே இல்ல."

"கேட்டாங்க அண்ணே. இருக்கிறதைத்தானே சொல்லணும்?"

"இருக்கிறதைச் சொன்னவன் எல்லாம் வெளியதான் நிக்கிறான். எனக்குக் கொக்கிக்கு அடியில விரிசல் இருக்கு, தெரியுமா? எண்ணெயைத் தேய்ச்சுனு போய் நின்னேன். எவன் பார்த்தான்? அதோ, செருப்புக்குக் கறுப்பு ஏத்துறதுக்குத் துருப்பிடிச்ச ஆணியைத் தண்ணியில ஊறப் போட்டிருக்காங்க பாரு. அதுல ஒரு புரண்டு புரண்டு எழுந்திரு. வெள்ளையாவது கிள்ளையாவது."

"ஓலையில வெள்ளைன்னு இருக்கே அண்ணே?"

"ஆறிடுச்சுன்னு சொல்லு. ஆறினா யாருக்குக் கசக்கும்?"

வார் பொய் சொல்லவில்லை. அதற்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் வார் இடுப்பைச் சுற்றிக் கிடப்பது. அதற்குள் தண்ணீர் ஊற்றி யாரும் குடிப்பதில்லை. இது வாருக்கும் தோன்றவில்லை, பைக்கும் தோன்றவில்லை. ஒருவனுக்கு ஒத்துக்கொண்ட மருந்தை இன்னொருவன் வாயில் ஊற்றுவது நம் ஊரில் புதிதா என்ன?

வார் விடுப்பு முடிந்து போய்விட்டது. பை எட்டு நாள் தாக்குப் பிடித்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வேண்டாம், எழுத்தாணி நம்பிச் சொல்லியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஆனால் முப்பத்தெட்டாம் நாள் மேற்கே போகும் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் சத்தம் கோட்டையிலிருந்து கேட்டது. படை கிளம்பப் போகிறது. முத்திரை ஓலையைப் பிரித்தாவது பார்த்திருக்குமா என்று பைக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தபிறகு யோசனை எங்கே நிற்கும்? அது ஆணியிலிருந்து இறங்கி, கறுப்புத் தண்ணீரில் ஒரு முறை புரண்டது. தழும்பு லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கவே இன்னொரு முறை புரண்டது. வெயிலில் காய்ந்து எழுந்தபோது உடம்பு முழுக்க ஒரே கறுப்பு.

நாற்பதாம் நாள் விலக்கு கேட்பவர்களுக்குத் தனி வரிசை. பைக்குப் பின்னால் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு சின்னப் பை நின்றது. அதற்குக் கழுத்தில் ஒரு வெள்ளை, வயிற்றில் ஒரு வெள்ளை.

"அண்ணே, வெள்ளைத் தழும்புக்கு விலக்கு கேக்கிற வரிசை இதுதானுங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டது.

"இதுதான்," என்றது பை. பாவம், இதை எங்கே எடுக்கப் போகிறார்கள் என்று மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டது.

அன்று முத்திரையே நேரில் வந்திருந்தது. கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. முன்னால் மைக் கிண்ணம் தயாராக இருந்தது.

விளக்கு பையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "எழுத்தாணி, இதுதானா அது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எழுத்தாணி ஓலையைப் பார்த்தது, பையைப் பார்த்தது. "இடப்பக்கம், உள்ளங்கை அகலம், வெள்ளைன்னு தொட்டி எழுதியிருக்கு. எங்கப்பா அது?"

"ஆறிடுச்சுங்க," என்றது பை.

எழுத்தாணி ஓலையை முத்திரையின் பக்கம் நகர்த்தியது. முத்திரை, "தண்ணி ஊத்தித் தொங்க விடுங்க," என்றது.

காலையில் நிரப்பி மரச்சட்டத்தில் தொங்கவிட்டால் சாயங்காலம் வரை தொங்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பையையும் சின்னப் பையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். பையின் உடம்புக்குள் தண்ணீர் இறங்கியது அதுதான் முதல் தடவை. குளிர்ந்த கனம். செத்துப்போன ஆடு மணலில் தேடியது இதைத்தான் என்று நினைத்தபோது பைக்கு அழுகை வந்தது. வெயில் ஏறியது, இறங்கியது. அடியில் வைத்த மண் சட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. தொட்டி எழுதியது சத்தியம்.

சாயங்காலம் பையை மட்டும் முதலில் கழற்றி உள்ளே கொண்டுபோய், தண்ணீரை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். கறுப்பாக விழுந்தது. துரு வாடை அடித்தது.

"நான் உள்ள போறப்ப இப்படி இல்லீங்க," என்றது தண்ணீர்.

பைக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை. புரண்டதைச் சொன்னது. வாரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. முத்திரை கோபப்படும் என்று எதிர்பார்த்தது. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெள்ளை வெறும் நிறம்," என்றது முத்திரை. "அதால தண்ணிக்கு ஒரு கெடுதலும் இல்ல. உன் ஓலையைப் படிச்சு இருபது நாளாச்சு. நேர்ல ஒருதரம் பார்த்துட்டு ஒத்திடலாம்னுதான் மையைத் தொட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"கழுவிட்டு வந்துடறேங்க ஐயா. ரெண்டு நாள் குடுங்க. ஒரு நாள் போதும்."

"ஆவாரம்பட்டையில ஊறின தோல்ல இரும்புக் கறுப்பு ஏறினா போகாது," என்றது எழுத்தாணி. "உனக்குத் தெரியாதாப்பா? நீ தோலாச்சே."

முத்திரை ஓலையை மடித்தது. "இது இடப்பக்கம் வெள்ளை இருக்கிற ஒரு பைக்கு எழுதின ஓலை. அந்தப் பை இன்னைக்கு வரல."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்த கை தன்னுடையது என்றால் அந்த வலிக்குப் பழமொழி ஒன்றும் இல்லை. பை வாசலுக்கு வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்தது. யாரைக் குறை சொல்வது? வாரையா? வார் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னது. தொட்டி நல்லது எழுதியது, எழுத்தாணி நல்ல வழி காட்டியது, முத்திரை மை தொட்டுக் காத்திருந்தது. எல்லாரும் அந்த வெள்ளையை மன்னித்தாகிவிட்டது. மன்னிக்க முடியாமல் போனது பை ஒன்றுக்குத்தான். இன்னும் இரண்டே நாள் சும்மா தொங்கியிருந்தால் போதும். அதை நினைக்க நினைக்க அதற்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

உள்ளே ஓலையின் மேல் முத்திரை விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னப் பை வெளியே வந்தது. கழுத்தில் வெள்ளை, வயிற்றில் வெள்ளை, வாயில் விலக்கு ஓலை. சந்தோஷத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது, சுவரோரமாக இருந்த பையைப் பார்த்து ஓடி வந்தது. அதன் கறுப்பு உடம்பை மேலும் கீழும் பார்த்தது. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டது:

"உங்களை ஏண்ணே எடுக்கல? உங்க தோல்ல ஒரு குறையும் இல்லையே."