கெண்டை காலுக்குள் போன கதை

மீன் பேசினால் மனிதன் நின்று காது கொடுத்த அந்தக் காலத்தில், அவனுக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது வெறும் குச்சி. முன்னால் எலும்பு, பின்னால் தோல், அவ்வளவுதான். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். வாய்ப்பேச்சில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

ஒரு வருடம் மழை பொய்த்துப் போனது. குளம் சுருங்கிச் சேறாகி, அதில் ஒரே ஒரு கெண்டை மிச்சம் இருந்தாள். வயிறு நிறைய முட்டை. செவுள் காய்ந்து எரிந்தது. சாவைப் பற்றிக்கூட அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. முட்டைகளைத் தண்ணீரில் விடாமல் செத்துவிடுவோமோ என்பதுதான் அவளை அரித்தது.

அப்போது சடையன் என்பவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர் தேடித் தள்ளாடி வந்தான். அவன் மனைவி குடிசையில் நாக்கு வறண்டு கிடந்தாள்.

"அண்ணே, கெழக்க ஆறு ஓடுது. தண்ணி வாட எனக்குத் தெரியுது. என்னையத் தூக்கிட்டுப் போ, வழி சொல்றேன்" என்றாள் கெண்டை.

"என் காலு அம்புட்டுத் தூரம் தாங்காதே தாயி."

"நான் துள்ளுறேன். நீ எட்டு வை."

தோளில் இருந்த பிள்ளையைக் கை பிடித்திருந்ததால், சடையன் துண்டைச் சேற்றில் நனைத்து அவளைச் சுற்றி, காலின் பின்பக்கம் இறுகக் கட்டினான். "தண்ணியப் பாத்ததும் அவுத்து விட்ருவேன். எம்புள்ள மேல சத்தியம்" என்றான். அவள் துள்ளத் துள்ள அவன் கால் தானாக எழும்பியது. உலகத்தில் முதல் தடவையாக ஒரு மனிதன் ஓடினான்.

ஆறு வந்தது. அப்பனும் மகளும் வயிறு முட்டக் குடித்தார்கள். இடுப்பில் தொங்கிய சுரைக்குடுக்கையை நிரப்பிக்கொண்டு அவன் முடிச்சில் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது.

"தாயி, உன்னைய விட்டா நான் எப்படித் திரும்பிப் போவேன்? அவ உசுரு கெடந்து துடிக்குமே. ஒரே ஒரு நடை. வந்து விட்ருறேன்."

"முட்டைய மட்டுமாச்சும் விட்டுட்டு வந்துர்றேன் அண்ணே. தண்ணி இந்தா இருக்கு."

"நேரம் இல்ல தாயி."

அவன் பொய் சொல்லவில்லை. பொய்யனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது கெண்டை மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஆற்றின் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே போவதைத் துணிக்குள் இருந்து கேட்டபடி, அவனுக்காக அவள் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

குடிசைக்குள் அவன் மனைவி எப்போதோ அடங்கிப் போயிருந்தாள். சடையன் அவள் காலடியில் விழுந்து அழுதான். குழி வெட்டினான். மூடிவிட்டு அதன் மேலேயே படுத்துக் கிடந்தான். காலில் ஒரு உயிர் காய்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. நினைப்பு வந்து, மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடி வந்து முடிச்சை அவிழ்த்தபோது துணி மட்டும்தான் கையோடு வந்தது. கெண்டையின் மேல் தோல் மூடிவிட்டிருந்தது.

"அண்ணே, ஆறு வந்துருச்சா?" உள்ளேயிருந்து மெல்லக் கேட்டாள்.

சடையன் கூரான கல் ஒன்றைப் பொறுக்கித் தோலின் மேல் வைத்தான். மகள் அவன் கையைப் பிடித்தாள். "அப்பா, அதுக்கப்புறம் என்னைய யாருப்பா தூக்குவா?"

அவன் கல்லைக் கீழே வைத்தான்.

"வந்துருச்சா அண்ணே? சத்தம் கேக்குற மாதிரி இருக்கே."

"இன்னும் இல்ல தாயி" என்றான் சடையன்.

அன்றிலிருந்துதான் மனிதனுக்கு அந்தச் சதை, அதற்குக் கெண்டைக்கால் என்று பேர். குளிர்ந்த தண்ணீரில் நாம் இறங்கும்போதெல்லாம் கெண்டை புரள்வதும், வலி பொறுக்காமல் நாம் அதை அமுக்கித் தேய்த்து அடக்குவதும்.