குழியைக் கேளுங்கண்ணே

அஸ்திவாரக் குழி தோண்டும் வேலைக்கு வந்தபோது தவசியப்பனுக்கு ஐம்பது வயது. அதுவரை சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கொட்டகையை மூடிவிட்டார்கள். வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். குழிக்குள் இறங்கிவிட்டால் வயதை யார் பார்க்கிறார்கள்?

மண்ணை வெட்ட வேண்டும், அள்ளிக் கரையேற்ற வேண்டும், அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், நாலு மூலையும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். பழகும்வரை நாளுக்கு அறுநூறு. முழு ஆளானால் தொள்ளாயிரம். அன்றைக்குப் பிரியாணி வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லித் தொலைத்திருந்தார் மனிதர். அவளும் தினமும் அவர் கையைத்தான் முதலில் பார்க்கிறாள்.

ஆகவே சாயங்காலம் தவறாமல் கேட்பார்.

“மேஸ்திரியம்மா, நான் எப்ப முழு ஆளாவேன்?”

“என்னைக் கேட்டா? குழியைக் கேளுங்கண்ணே.”

நாலு மாதமாக இதே பதில்தான்.

ஒரு சின்ன வீட்டுக்கு எட்டு நாளாக அவர் தனியாகவே தோண்டிய குழி அன்று காலை முடிந்தது. மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அவரும் மறுமுனையை ஜெசிந்தாவும் பிடித்தார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றது.

“சரியா இருக்குண்ணே. நாளைக்குக் காங்கிரீட் போட்டுடலாம்.”

சொல்லிவிட்டு அவள் அடுத்த மனைக்குப் போய்விட்டாள்.

தவசியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரியாணி வாசனையே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குழாயைச் சுருட்டினார். நடுவில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி.

குழாயில் காற்று நின்றால் மட்டம் பொய்யாகிவிடும். காற்றை வெளியேற்றி, ஒரு முனையைக் குச்சியில் கட்டி, திரும்பப் பிடித்துப் பார்த்தார். வடக்கு ஓரம் இரண்டு விரல் உயரமாக இருந்தது. சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. நாளைக்குக் காங்கிரீட் விழுந்தால் எல்லாம் மூடிப்போகும்.

கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு “அட, போ” என்று தனக்கே சொல்லிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். முதல் வெட்டிலேயே மனசு லேசாகிவிட்டது. வெட்ட வெட்டப் பாட்டு வந்தது. கொட்டகையில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன பாட்டுகள், ஒன்று முடிந்தால் இன்னொன்று.

மத்தியானம் ஜெசிந்தா திரும்பி வந்தபோது அவருக்குத் தலைவரை மண்.

“முடிஞ்ச குழிக்குள்ள என்னண்ணே வேலை?”

“குழாயில காத்து இருந்துச்சும்மா. பார்க்காமப் பிடிச்சுட்டேன்.”

“நானுந்தானே பிடிச்சேன்” என்றாள். ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

சாயங்காலம் கூலியை வாங்கியவர் தயங்கி நின்றார்.

“முந்நூறு கூட இருக்கும்மா.”

“கூட இல்லண்ணே.”

“இன்னிக்கு நான் எதுவும் கேக்கவே இல்லையே.”

“குழி மத்தியானமே சொல்லிடுச்சுண்ணே” என்றாள் ஜெசிந்தா. “நீங்க பாடின பாட்டுல உங்க காதுல விழல.”