வடக்குப் பக்கத்து முட்டு

அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் குவிமாடப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டு. ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும், பக்கத்து ஊரைவிட ஒரு முழமாவது உயரமாகக் கட்டிவிட வேண்டும் என்று யாராவது ஒருவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பார். ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்தின் பெரிய குவிமாடத்திலேயே விரிசல் கண்டு, கணக்குப் புலிகள் கூடி விவாதித்து, இரும்பு வளையங்களை மாட்டி இறுக்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்படியும் யாருக்கும் ஆசை அடங்கவில்லை.

ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே ஒரு சிறிய நகரம். அங்கேயும் ஒரு தேவாலயம் எழும்பியது. அதை வரைந்தவர் கஸ்பாரே. பெரிய கட்டடக் கலைஞர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் கல் சுமப்பவரிலிருந்து ஆயர் வரை எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அவருடைய சீடன் ஒத்தாவியோ. சீடன் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன். பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், கல்லும் சுண்ணாம்பும்தான் வேண்டும் என்று வந்து சேர்ந்தவன். மேஸ்திரி அவனைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். தேவாலயத்தின் மற்ற வேலைகளைத் தான் வைத்துக்கொண்டு குவிமாடத்தை அவனிடம் கொடுத்துவிட்டார்.

"நீயே வரை. நீயே கட்டு" என்றார்.

வரைந்தான். கட்டினான். முட்டை வடிவத்தில், உச்சியிலிருந்து வெளிச்சம் இறங்கும்படி, அழகாகவே வந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

குவிமாடத்தின் கல் அந்தரத்தில் தானாக நின்றுவிடாது. முதலில் மாடத்தின் வடிவத்திலேயே மரத்தால் ஓர் அச்சு, அதாவது சென்ட்ரிங், அடிப்பார்கள். அதற்குச் சுற்றிலும் கனத்த மரங்களை முட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முட்டின் அடியிலும் ஆப்பு வைத்திருப்பார்கள். மேலே கல்லை அடுக்கி, காரை இறுகிய பிறகு, சுற்றிச் சுற்றி வந்து எல்லா ஆப்புகளையும் ஒரே சீராகத் தளர்த்த வேண்டும். மாடம் ஒரு விரற்கடை கீழே இறங்கி, தன் கனத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஒத்தாவியோ இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தேவாலயம் திறக்கும் ஞாயிற்றுக்கிழமை, மாடத்தை வரைந்தவன் குடும்பத்தோடு மாடத்துக்கு நேர் கீழே முதல் வரிசையில் உட்கார வேண்டும். அதன் பிறகுதான் ஊர்க்காரர்கள் உள்ளே வருவார்கள். படிப்பு, பட்டம், ராஜாவின் சிபாரிசு எதையும் அவர்கள் நம்பவில்லை. இதை நம்பினார்கள்.

ஒத்தாவியோவின் மனைவி பெனெதெத்தா புது உடை தைக்கக் கொடுத்திருந்தாள். கைக்குழந்தைக்கு லேஸ் வைத்த தொப்பி வாங்கியாயிற்று.

"மாடத்துக்குக் கீழே குளிருமாங்க?" என்று கேட்டாள்.

திறப்பு விழா நடக்கவிருந்த வாரத்தின் திங்கட்கிழமை சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். மேஸ்திரி ஆயரைப் பார்க்கப் போயிருந்தார். ஒத்தாவியோதான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். தச்சர்கள் சுற்றிச் சுற்றி வந்து ஆப்புகளைத் தளர்த்தி, முட்டுகளை எடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியாக வடக்குப் பக்கத்தில், மாடத்தை முட்டிக்கொண்டு, ஒன்று மிஞ்சியது.

"இது இருக்கட்டும்" என்றான் ஒத்தாவியோ.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களே, அதையும் தட்டிடறோம்."

"நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

வடக்குப் பக்கத்தில், படம் எழுத வந்த ஓவியருக்காக ஒரு சாரம் கட்டியிருந்தார்கள். அந்தச் சாரத்துக்குள்ளேதான் அந்த முட்டு இருந்தது. ஓவியர் நிறம் சிந்தாமல் இருக்கத் தொங்கவிட்டிருந்த துணியை இழுத்து அதை மறைத்தான். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்கலாம். பயம் பட்டம் பார்த்து வருவதில்லையே.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, மேஸ்திரி."

"எல்லாமா?"

"எல்லாம்."

மறுநாள் காலை வடக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. தலைமுடி அளவுதான். ஆனால் விரிசலைத் தேடுகிறவன் கண்ணுக்கு அது வாய்க்கால் போலத் தெரியும்.

ஒத்தாவியோ முதலில் இரண்டடி பின்வாங்கினான். அடுத்த நொடி, நல்லவேளை ஒன்றையாவது விட்டுவைத்தோமே என்று தோன்றியது. அந்த ஒரு முட்டு மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்நேரம் எல்லாம் தரைமட்டமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பயந்தது பலித்துவிட்டால் பயந்தவனுக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சாரத்தில் ஏறி, விரிசலின் குறுக்கே மெல்லிய காரையை ஒரு பட்டையாகப் பூசிவிட்டு வந்தான். விரிசல் வளர்ந்தால் அந்தப் பட்டை உடையும். அதுதான் அதன் வேலை.

புதன்கிழமை பார்த்தபோது பட்டை உடைந்திருந்தது.

மேஸ்திரியிடம் ஓடினான். அவர் தூணடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மேஸ்திரி, மாடம் விரிசல் விடுது. திறப்பைத் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"எங்கே விடுது?"

"வடக்கே."

"தெற்கே?"

"இல்லை."

"கிழக்கே, மேற்கே?"

"அங்கெல்லாம் ஒண்ணுமில்லை. வடக்கே மட்டும்தான்."

"ம்" என்றார் மேஸ்திரி. ரொட்டியை முடித்தார். கையைத் தட்டிக்கொண்டார். ஒரு பலகையை இழுத்து மாடத்துக்கு நேர் கீழே போட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது.

ஒத்தாவியோவுக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்கு என்ன, பெண்டாட்டியா பிள்ளையா என்று மனசுக்குள் திட்டினான். திட்டிவிட்டு வெட்கப்பட்டான். ஆனாலும் அவர் பக்கத்தில் போய் உட்கார அவனால் முடியவில்லை. வடக்குப் பக்கத்து முட்டின் அருகில் மட்டும்தான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது. அங்கேயே துணிக்குப் பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை, புதிதாகப் பூசியிருந்த பட்டையும் உடைந்தது. விரிசலில் இப்போது நகத்தை நுழைக்க முடிந்தது. ஒத்தாவியோவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. தைத்து வந்த உடையைப் பெனெதெத்தா போட்டுக் காட்டினாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"ஏங்க, நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு உடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் தேவாலய வாசலில் மேஸ்திரியின் முன்னால் போய் நின்றான்.

"மேஸ்திரி, எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. இந்த மாடம் நிக்கும்னு எதை வெச்சு நம்பறீங்க?"

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"எங்கப்பா செத்தப்போ பெட்டியை நாங்க பிள்ளைங்கதான் தூக்கினோம்" என்றார். "கோயில் படிக்கட்டுல இறங்கணும். இறங்கறப்போ எல்லாரும் ஒண்ணா முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தணும். தாழ்த்தினோம். எங்கண்ணன் மட்டும் தாழ்த்தலை."

"ஏன்?"

"அப்பா மேல ரொம்பப் பாசம். கீழே போட்டுடுவோமோன்னு பயம். தோளை விறைச்சு அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டான்."

"பெட்டி விழுந்துடுச்சா?"

"விழலை. பலகை பிளந்துடுச்சு."

"எங்கே?"

"அவன் தோளுக்கு மேலே" என்றார் மேஸ்திரி.

ஒத்தாவியோ தேவாலயக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியதை மேஸ்திரி பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு முட்டு மட்டும் எடுக்கலை, மேஸ்திரி" என்றான் ஒத்தாவியோ.

"சரி."

"உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"சரி."

"சுத்திலும் மாடம் இறங்கிடுச்சு. வடக்கே மட்டும் அந்த முட்டு இறங்க விடலை. அதனாலதான்..." அவன் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தான். "இப்போ எடுத்தா?"

"இறங்க வேண்டியது இறங்கும். சத்தம் போடும். அப்புறம் நிக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறேன்."

இருவரும் உள்ளே போனார்கள். மேஸ்திரி கதவைத் தாழிட்டார். ஒத்தாவியோ துணியை விலக்கினான். கனம் ஏறி ஏறி, முட்டு ஆப்பின் மேல் கல்லாக இறுகியிருந்தது. மரச் சுத்தியலை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. நடந்து போய் மாடத்துக்கு நேர் கீழே, நாளைக்கு முதல் வரிசை வரப்போகும் இடத்தில், நின்றுகொண்டார்.

"அங்கே நிக்காதீங்க, மேஸ்திரி. தள்ளி வாங்க."

"நான் இங்கே நின்னாத்தான் நீ பார்த்து அடிப்பே."

ஒத்தாவியோ ஆப்பின் முன் குனிந்தான். சுத்தியலைப் பிடித்த கை வழுக்கியது. மேல்சட்டையில் துடைத்துக்கொண்டான். முதல் அடி ஆப்பில் படாமல் தரையில் பட்டது. அடுத்ததும் அப்படித்தான். பிறகு ஆப்பு ஒரு நெல்லளவு நகர்ந்தது.

மேலே ஏதோ முனகியது. காரைத் தூள் உதிர்ந்து மேஸ்திரியின் தோளில் விழுந்தது.

"மேஸ்திரி!"

"அடி."

"விழுது!"

"தூசிதான் விழுது. அடி."

அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டு மறுபடி அடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை. மாடம் மறுபடி முனகியது. இந்த முறை நீளமாக, பாரம் சுமந்தவன் உட்காரும்போது விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம். அத்துடன் ஆப்பு தெறித்து ஓடியது. முட்டு தலையிலிருந்து கால் வரை தளர்ந்து, சாரத்தின் மேல் சாய்ந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க மேஸ்திரி ஓடி வந்தார். இருவருமாக அதைத் தரையில் கிடத்தினார்கள்.

மாடம் அப்படியே இருந்தது.

ஒத்தாவியோ சாரத்தில் ஏறி விரிசலைப் பார்த்தான். பாதி மூடியிருந்தது. புதிதாக ஒரு காரைப் பட்டை பூசினான். அன்று முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். இருட்டும்வரை பட்டை உடையவில்லை.

மேஸ்திரி விளக்கோடு வந்து கீழே நின்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும், மேஸ்திரி?"

"நீ வடக்கேன்னு சொன்னப்போ."

"அப்போ புதன்கிழமையே தெரியும். ஏன் நீங்களே தட்டி எடுக்கலை? நான் இத்தனை நாள் செத்துப் பிழைச்சேனே."

"நான் எடுத்திருந்தா, அடுத்த கட்டடத்துல நீ ரெண்டு ஒளிச்சு வெச்சிருப்பே."

ஒத்தாவியோ ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வீட்டுக்குப் போய், மடித்து வைத்திருந்த உடையை எடுத்துப் பெனெதெத்தாவின் பக்கத்தில் வைத்தான். அவள் அதை எடுத்து உதறி விரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. ஊர் முழுக்க வாசலுக்கு வெளியே திரண்டு நின்றது. பெனெதெத்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக உள்ளே நடந்தாள். மாடத்துக்கு நேர் கீழே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். குழந்தை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டியது. ஒருவரும் அசையவில்லை. வழக்கப்படி மாடத்தை வரைந்தவன் போய் உட்கார வேண்டும். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

பக்கத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். ஒத்தாவியோ அவர் காதோரம் குனிந்தான்.

"மேஸ்திரி, பட்டை உடையலை. விடியக்காலையிலும் பார்த்துட்டேன். ஆனா இன்னிக்கு ஒரு கூட்டமே உள்ளே போகப் போகுது. பாட்டு, மணி, வாத்தியம் எல்லாம் இருக்கு. நாளைக்கு ஒரு பூகம்பம் வரலாம். அடுத்த வருஷம் காரை இளகலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க. இது நிக்குமா?"

"தெரியாது, ஒத்தாவியோ" என்றார் மேஸ்திரி. "அங்கே உன் பொண்டாட்டி பக்கத்துல ஓர் இடம் காலியா இருக்கு."